மாமாவுக்குத் துணைக்குப் போன பிள்ளை

ஒரு சிறுபிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதரால் குடிக்காமல் இருந்துவிட முடியுமா? ஆறு வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், முடியும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இப்போது என் மகளுக்கு ஏறக்குறைய அதே வயது. எனக்கு விடை தெரியவில்லை.

மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எங்களோடுதான் இருந்தார். தக்காளியும் பீன்ஸும் போடுவார். அவருக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் முதலில் நிலத்தைப் பற்றி விசாரிப்பார்கள், அடுத்து பழக்கவழக்கத்தைப் பற்றி. இரண்டாவது கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். போன வேகத்தில் திரும்பி வருவார்கள். மாமா அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். எங்கள் ஊரில் அடைமொழி எதுவும் இல்லாமல் 'கடை' என்று சொன்னால் அது ஒரே கடைதான்.

ஒருமுறை அவரைத் தருமபுரிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளைத்துப்போய், மழித்த முகத்தோடு, பள்ளிக்கூடம் போகிற பையனைப் போலத் திரும்பி வந்தார். தம்பிக்குச் சரியாகிவிட்டது என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னாள். சொன்னாளே தவிர, அவரை மாரண்டஹள்ளிக் காய்கறி மண்டிக்குத் தனியாக அனுப்பவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடியை விட்டவர் வெளியே கிளம்பினால் கூடவே ஒரு பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். அதுவும் பெண்பிள்ளையை. பையன் என்றால் ஒரு பரோட்டாவுக்கு வாயை மூடிக்கொள்வான் என்பது அவர்கள் எண்ணம். பெண்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவள் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அது வேலை என்பதே எனக்குத் தெரியாது. மாமாவுக்கு என்மேல் அவ்வளவு ஆசை, அதனால்தான் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிறார் என்று நினைத்திருந்தேன்.

"மாமா கைய உடாத. எங்க போனாலும் கூடவே போ," என்று சொல்லி அம்மா ரிப்பன் கட்டிவிடுவாள்.

அந்த ஒரு நாள் நன்றாக நினைவிருக்கிறது. தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த நாள். நல்ல விலை கிடைத்த நாள்தான் ஆபத்தான நாள் என்று இப்போது தெரிகிறது. மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்களில் ஒருவர் மாமாவின் பழைய கூட்டாளி. எங்களைப் பார்த்ததும், "என்னா மச்சான், போலீசோட வந்திருக்கற?" என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "பாப்பா, பேக்கரியில பப்ஸ் வாங்கித் தரேன், குந்தித் தின்னு. மாமா ஒரு வேலையா போயிட்டு இப்ப வந்துரும்," என்றார்.

"நானும் வரேன்."

"அங்கெல்லாம் சின்னப்புள்ளைங்க வரக்கூடாது."

"அப்ப மாமாவும் வராதுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்குத் திரும்பும் சந்து அங்கிருந்து பார்த்தால் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல என்னா எழுதியிருக்கு, படி," என்றார்.

நான் எழுத்துக்கூட்டி பாலக்கோடு என்றேன். அடுத்தது ஓசூர். அதற்கடுத்தது தருமபுரி. எங்கள் ஊர் பஸ்ஸும் வந்தது, அதையும் படித்தேன். மாமா எழுந்திருக்கவில்லை; எழுந்தால் கால் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்த பஸ் போய்விட்டது. வந்த பஸ்ஸையெல்லாம் படிக்கச் சொன்னார். சரியாகப் படித்தால் "அப்புறம்?" என்பார். அவர் கை வியர்த்து ஈரமாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். எனக்குப் படிக்கச் சொல்லித் தருகிறார் என்றும் நினைத்தேன். எங்கள் ஊருக்கு மறுபடி பஸ் வருவதற்குள் எனக்கு வாசிப்பு ஓரளவு கைவந்துவிட்டது. பிற்பாடு வகுப்பில் வாங்கிய பாராட்டுகளில் பாதி அந்தப் பெஞ்சுக்குச் சேர வேண்டியது.

வீட்டில் அம்மா பையை வாங்குகிற சாக்கில் மாமாவின் முகத்தருகே போனாள். விலகி வந்தபோது அவள் முகமே மலர்ந்திருந்தது. அன்று சாப்பாட்டில் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு முட்டை. பக்கத்து வீட்டு அத்தையிடம், "எம்பொண்ணு கூடப் போனா தம்பி ஒரு சொட்டு தொடமாட்டான்," என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. எதைத் தொடமாட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. என்னைப் புகழ்கிறாள் என்பது போதுமாக இருந்தது.

அடுத்த தடவை மாமா மண்டிக்குக் கிளம்பியபோது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தக்காளி ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா என்னைத் தாண்டி அம்மாவிடம் போனார்.

"பாப்பா வேணாங்க்கா."

"ஏன்டா? தனியாப் போனாத்தான் வசதியா?"

"போனா நான் போனதா இருக்கட்டும். பாப்பாவ நடுத்தெருவுல உட்டுட்டுப் போனதா இருக்க வேணாம்."

அம்மா என் இன்னொரு ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வண்டி கிளம்பிவிட்டது. நான் செருப்பைக் கழற்றி அது போன திசையில் வீசினேன்.

அன்று அவர் குடித்துவிட்டுத்தான் வந்தார். அம்மா அழுதாள். எனக்கோ, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திருப்தியாக இருந்தது. என்னைக் கூட்டிப்போகாததற்கு நன்றாக வேண்டும் என்று. தீபாவளிக்கு அவர் எடுத்துத்தந்த பாவாடையை நான் கட்டவேயில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை ஒரே நேர்கோட்டில் நடக்கவில்லை. ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே நிறுத்திப் பார்த்தார். வலிப்பு வந்துவிட்டது. திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. அவரே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கிருந்த டாக்டரம்மா, இது சர்க்கரை வியாதி மாதிரி, ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியது, நடுவில் தவறினால் மறைக்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். மாத்திரை கொஞ்சகாலம் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில், குடியை விட்டவர்கள் மாதா கோயிலை ஒட்டிய ஒரு கூடத்தில் கூடுவார்கள். அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு அதையும் அங்கே போய்ச் சொன்னார். தாமதமாகத்தான் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டில் இரண்டாவது கேள்வியை அவர்கள் கேட்பதற்கு முன் இவரே பதில் சொல்லிவிட்டார்.

இப்போது குடிப்பதில்லை. பல வருடங்களாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விடுவதில்லை. ஆகவே, குடி விடக்கூடியது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நானே பார்த்திருக்கிறேன். என் சந்தேகம் வேறு.

கடத்தூரில் என் புகுந்த வீட்டில், கொழுந்தனார் சிகிச்சை முடிந்து போன வாரம் திரும்பினார். நல்ல மனிதர். என் மகளுக்குச் சித்தப்பா என்றால் உயிர். மாமியார் நேற்று என்னிடம், "சந்தைக்குப் போறப்ப பாப்பாவ அவங்கூட அனுப்பும்மா. கொழந்த கூட இருந்தா அவனுக்கு மனசு வராது," என்றார். நான் தலையாட்டினேனா, இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

இரவெல்லாம் யோசித்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பெஞ்சில் நான் கையைப் பிடித்திருந்ததால்தான் அன்று குடிக்கவில்லையா என்று கேட்டேன். மாமா சொன்னார்:

"ஒன் கை சின்னதா, சூடா இருந்துச்சு. அன்னிக்குக் குடிக்கல. அது ஒன் கையாலயா, என்னாலயான்னு அப்பத் தெரியல. தெரிஞ்சிக்கத்தான் மறுவாரம் ஒன்ன உட்டுட்டுப் போனேன். தோத்துட்டேன். ஆனா அது என் தோல்வி பாப்பா."

என்னைப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து நான் செருப்பை வீசிய காலையில்தான், மாமா முதன்முதலாகத் தன்னுடைய காவலைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். அது புரியாமல் ஒரு பாவாடையை வீணாக்கியிருக்கிறேன்.

எனவே மகளை அனுப்பக்கூடாது என்று முடிவு செய்கிறேன். செய்த உடனே இன்னொன்று தோன்றுகிறது. அனுப்ப மறுத்தால், அண்ணிக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை, குழந்தையைக்கூடத் தரமாட்டேன் என்கிறார் என்று கொழுந்தனார் நினைக்கமாட்டாரா? இப்போதுதான் தலைநிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருக்கிற மனிதர். மாமா தானே வேண்டாம் என்றார். இங்கே வேண்டாம் என்று சொல்லப்போவது நான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். சந்தைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. என் மகள் இப்போதே செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். அவளிடம் என்ன சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வயதில் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.