பேலியேட்டிவ் என்ற சொல் கிளப்பிய பயம்

நான் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. போன வருடம் எனக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. கை, கால் எரிச்சலில் தூக்கமே இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். "பேலியேட்டிவ் கிளினிக்ல காட்டுங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அந்தச் சொல்லைப் போனில் தேடினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அங்கே அழைத்துப் போகவும் இல்லை. எரிச்சலோடு நாட்கள் போயின. ஒரு ஞாயிறன்று படப்பையிலிருந்து என் அண்ணன் வந்தார்.

"வேளாங்கண்ணி போகணும்னு சொல்வியேம்மா, இந்த வாரமே போலாமா?" என்றார்.

"எனக்கு என்னண்ணா ஆச்சு?" என்றேன்.

பக்கத்தில் நின்ற கணவர் அழுதுவிட்டார். "கடைசி கட்டத்துலதான் அங்க அனுப்புவாங்களாம்."

மறுநாள் மூவரும் டாக்டரிடம் போய்க் கேட்டோம்.

"அப்படி இல்லை. கடைசி கட்டத்துல இருக்கறவங்களும் அங்க வருவாங்க, உங்களை மாதிரி சிகிச்சையில இருக்கறவங்களும் வருவாங்க. லத்தீன்ல பேலியம்னா மேலே போர்த்திக்கற துணி. அதுலேர்ந்து வந்த பேர். அங்க குடுக்கற மருந்து நோயை விரட்டாது, அவஸ்தையைப் போர்த்தி அடக்கும். கீமோ அது பாட்டுக்கு நடக்கும்" என்றார்.

அன்றே அந்த கிளினிக்கில் காட்டினோம். மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் தூங்க முடிந்தது. கீமோ முடிந்து, இப்போது மறுபடி வகுப்பெடுக்கிறேன்.

டாக்டர் சொல்லும் சொல் புரியாவிட்டால், அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.