ஊட்டுக்கு ஒரு கார்டு

செம்மேட்டில் கேசட் கடை வைத்திருந்த சின்னக்கண்ணுவுக்குத் தம்பி தனபால் என்றால் உயிர். அவன் சேலத்தில் நாலு பேரோடு சேர்ந்து ராக் இசைக்குழு நடத்தினான். 1999-இல் ஒரே ஒரு பாட்டைக் கேசட்டாகக் கொண்டுவந்தார்கள். மிளகு பறிக்க மரமேறத் தெரியாதவன் கிடாரைத் தூக்கிவிட்டான் என்று ஊர் சிரித்தது. அக்காவோ அந்தப் பாட்டைக் கடை வாசலில் நாள் முழுக்க அலறவிட்டாள்.

வானொலியில் ஞாயிறுதோறும் நேயர்களின் தபால் கார்டுகளை எண்ணி முதல் பத்துப் பாட்டுகளை அறிவிப்பார்கள். தம்பியின் பாட்டு பத்தாவது இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அதுவும் போனால் இனிக் கேசட் போட மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சின்னக்கண்ணு தன் சொந்த ஊர்களான திருப்புலி நாட்டுக்கு (மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஓடி, எல்லோரும் கார்டு போடச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தாள்.

சந்தையன்று அந்த நாட்டின் பெரியவரான ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்: ஊர் கூடிப் பேசி, வழக்கப்படி ஒரே வாயாக, நாடு மொத்தத்துக்கும் ஒரு கார்டு போட்டாயிற்றாம். சின்னக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்கு ஊர் ஒன்றாயிருந்ததே வினையாயிற்று. ஒரு கார்டுக்கு ஒரு ஓட்டுதான் என்று விளக்கினாள். பெரியவர் அசையவில்லை.

“ஆளாளுக்குத் தனியா எழுதுனா ஊரு பிரிஞ்சுபோச்சுன்னு ஆயிருங் கண்ணு.”

“நோம்பிக்கு ஊட்டுக்கு ஒரு பானைதானுங்களே பொங்கறோம்? அதுக்காவ சாமி ரெண்டாயிருதுங்களா?”

குழந்தைசாமி தாடையைச் சொறிந்தார். இவள் வாயை யார் அடைப்பது?

“அப்ப மொதப் பானை என்னுதா இருக்கட்டும்” என்று கார்டுக்குக் கை நீட்டினார்.

அவ்வளவுதான். மரவள்ளி மூட்டையை இறக்கியவர்கள், பலாப்பழம் விற்றவர்கள் எல்லாம் பேனாவைப் பிடித்தார்கள். சாயங்காலம் தபாலாபீசில் ஒரு கார்டு மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைவாசல் கொள்ளாத கூட்டம். பத்தாவது வேறு பாட்டு. ஐந்தாவதும் வேறு. இரண்டாவதும் வேறாகிவிடவே, சின்னக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு தம்பியின் கிடார் ரேடியோவிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. முதலிடம். குழந்தைசாமி துண்டை ஆகாயத்தில் வீசினார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அவளால் அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் தனபால் பக்கத்து டெலிபோன் கடைக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிட்டான். கம்பெனி அடுத்த கேசட்டுக்குச் சம்மதித்துவிட்டதாம், ஆனால் இந்த ஒருதரம் போல எப்போதும் நடக்குமா என்று பயமாக இருக்கிறதாம்.

“நீ பாட்டைப் போடு சாமி” என்றாள் அக்கா. “கவுண்டரு இப்பவே கார்டு வாங்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு.”