மூன்றில் ஒரு பக்கம்

வானத்திலிருந்து வந்தவர்கள் ஊரறிய, உலகறியத் தரையிறங்கியது பிற்காலத்துச் சங்கதி. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தன்னந்தனியாக வந்து சேர்ந்திருந்தார். அது தெரிந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களில் இந்தத் தட்டச்சுக்காரியும் ஒருத்தி. அவளுக்குத் தெரிந்ததும் மூன்றில் ஒரு பங்குதான்.

அவள் வேலை பார்த்த இடத்தின் வாசல் பலகையில் ‘மண் ஆய்வு நிலையம்’ என்று எழுதியிருக்கும். வேலையில் சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் ஏழு தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“இங்க நீங்க பாக்கறது, கேக்கறது, அடிக்கறது எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாதும்மா. கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் சரி.”

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பெற்றோர் இல்லை. கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. அவளோ வாயில் எந்த ரகசியமும் தங்காதவள். அதனால் இவள் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மூன்று அறைகள், மூன்று தட்டச்சுக்காரிகள். உள்ளே இருந்த மருத்துவர் ஒருவர் கையால் எழுதும் அறிக்கையின் முதல் பக்கம் முதல் அறைக்குப் போகும். இரண்டாம் பக்கம் இவளுக்கு. மூன்றாவது அடுத்த அறைக்கு. நான்காவது மறுபடி முதல் அறைக்கு. ஒருத்திக்கும் முழுசாக எதுவும் பிடிபடக் கூடாது என்பது ஏற்பாடு. சாப்பாட்டு நேரம்கூட ஆளுக்கு ஒரு நேரம். மற்ற இருவரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மழை கொட்டுவதுபோல் அடிப்பாள், இன்னொருத்தி அடிக்கடி இருமுவாள். அவ்வளவுதான் பழக்கம்.

அவள் மேசைக்கு வரும் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதியில் முடியும். ‘…விட்டு மறுபடியும் கண்ணாடி அருகே வந்தது. வெப்பநிலையில் மாற்றமில்லை. தண்ணீரைத் தொட்டது, குடிக்கவில்லை. மாலையில் முதன்முறையாக’ என்று நிற்கும். முதன்முறையாக என்ன? அது அடுத்த அறைக்காரிக்குத்தான் வெளிச்சம். மீதியை இவள் பேருந்தில் உட்கார்ந்து யோசிப்பாள், துணி துவைக்கும்போது யோசிப்பாள். ஏதோ விலங்கு என்று முதலில் நினைத்தாள். ‘கைகள் நான்கையும் விரித்து’ என்று ஒரு பக்கம் வந்த பிறகு அந்த நினைப்பும் போயிற்று.

ஊர் நூலகத்தில் வேலை பார்த்த ஒருவர் அவளிடம் ஆசையாகப் பேசுவார். ஒரு நாள், “மண்ணுல அப்படி என்னதாங்க கண்டுபிடிக்கிறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்ல வழியில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, அவர் நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதைத் திருத்தவும் அவளுக்கு வாய் இல்லை.

மூன்றாம் ஆண்டில் மருத்துவரின் எழுத்தில் ஒரு மாற்றம் வந்தது. ‘அது வந்தது, அது நின்றது’ என்று எழுதிவந்தவர், ‘அவர் வந்தார், அவர் நின்றார்’ என்று எழுத ஆரம்பித்தார். அவள் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அதற்குள் கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

“டாக்டருக்கு ஏதோ குழப்பம். ‘அவர்’னு இருந்தா ‘அது’ன்னு அடிங்க. ‘வந்தார்’னா ‘வந்தது’. மேலிடத்து உத்தரவு.”

“இலக்கணம் மாறிடுமே சார்.”

“மாறணும்னுதான் சொல்றேன்.”

அன்றிலிருந்து அவள் கையால் அவர் அதுவானார். ‘அவர் கண்ணாடியில் கையை வைத்தார்’ என்பது ‘அது கண்ணாடியில் கையை வைத்தது’ என்று ஆகும். ஒவ்வொரு சொல்லாக மாற்றுவாள். மாற்றி முடித்த பிறகு அசல் தாளை ஒரு முறை மனசுக்குள் வாசித்துக்கொள்வாள். மருத்துவரும் விடாமல் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு, கோடைக் காலத்து ஒரு வெள்ளிக்கிழமை, அவளுக்கு வந்த கடைசிப் பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. ‘இன்று காலை ஆறு நாற்பதுக்கு அவர் இறந்துவிட்டார். கடைசிவரை விழித்திருந்தார். அருகில் நான் மட்டும் இருந்தேன்.’ ஓரத்தில் கண்காணிப்பாளரின் சிவப்பு மைக் குறிப்பு: ‘செயலிழந்தது என்று அடிக்கவும்.’

அவள் தாளைச் செருகினாள். ‘இறந்துவிட்டார்’ என்றே அடித்தாள்.

கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். “இது என்னம்மா?”

“தாள்ல இருந்ததைத்தான் சார் அடிச்சேன்.”

“திருப்பி அடிங்க.”

“மெஷினா சார் செயலிழக்கறதுக்கு? என்னால முடியாது. வேற யார்கிட்டயாவது குடுங்க.”

கண்காணிப்பாளர் தாமே தட்டச்சுப் பொறியை இழுத்து வைத்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். அதற்குள் அவர் நெற்றி வியர்த்துவிட்டது. “வீட்டுக்குப் போங்க” என்றார். குரலில் கோபமே இல்லை.

அன்று மாலை தங்கை பிள்ளைகளோடு வந்தபோது, அவள் சாப்பிடாமல் படுத்திருந்தாள்.

“யாராச்சும் போயிட்டாங்களாக்கா?”

“ஆபீஸ்ல ஒருத்தர்.”

“அடப்பாவமே. பேரு என்ன?”

“தெரியாது.”

“என்ன வயசு?”

“தெரியாதுடி.”

“பேரும் தெரியாது, வயசும் தெரியாது, அவருக்காகவா முகம் இப்படி வீங்கற அளவுக்கு அழுதிருக்க?” என்றாள் தங்கை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தங்கை அதற்குமேல் குடையாமல் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த முறை நிஜமாகவே மண் ஆய்வு நிலையம். உப்பு, சுண்ணாம்பு, ஈரப்பதம் என்று இருபது வருடம் அடித்தாள். முழு அறிக்கையும் அவளுக்கே வரும். அதில் கேட்க ஒன்றுமிருக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, “அமையல” என்றாள்.

வானத்திலிருந்து வந்தவர்கள் தரையிறங்கிச் சில ஆண்டுகள் கழித்து, அவளுக்கு ஐம்பத்தொரு வயதானபோது, அந்த நிலையத்தின் பழைய கோப்புகளைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. விடுப்புப் போட்டுவிட்டு ஆவண அலுவலகத்துக்குப் போனாள். இளம் எழுத்தர் ஒருவன் வெகுநேரம் தேடினான்.

“அடக்கம் பண்ண இடம் பதிவுல இருக்கும்மா. ஆனா சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் அனுமதிச் சீட்டு. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“ஒரு உறவும் இல்ல தம்பி. அவர் என்னைப் பார்த்ததுகூட இல்ல. ஆனா சொந்தக்காரங்க வரட்டும்னு இருந்தா, யாரு வரப்போறா அவருக்கு? அவங்க ஆளுங்க தரையிறங்கி இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலையே.”

அவன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு உறவுமுறைக் கட்டத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதி முத்திரை குத்தினான்.

பழைய வளாகத்துக்குப் பின்னால், வேலிக்குள் முழங்கால் உயரப் புல். எண் பொறித்த ஒரு கல். நண்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் கல்லின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் பெயரைச் சொன்னாள். காவலாள் கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கூப்பிடும்வரை அங்கேயே இருந்தாள்.