எடுக்காத பொட்டலம்

போன வாரம் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாலு வழிச் சாலை வந்த பிறகு பஸ்ஸில் தூங்குவதற்கு ரொம்பத் தோது, ஆட்டமே கிடையாது. நான் மட்டும் தூங்க மாட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாலை நடுவே மைல் கணக்கில் அரளி நட்டு வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் செவ்வரளி, கொஞ்ச தூரம் வெள்ளரளி, பிறகு இரண்டும் கலந்து. அதைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கிடலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அரளிக்குப் பெரிய வாசனை எதுவும் இல்லை. என் மூக்கில் ஏறுவது பூவரசம் இலை வாசனை. கிள்ளினால் பச்சையும் லேசான கசப்புமாக வருமே, அது. சின்ன வயதில் அந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவர் யார்? ஆனால் நான் சொல்லப்போவது பீப்பீ ஊதிய வயதில் நடந்ததல்ல. அப்போது எனக்கு இருபத்து நாலு. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

அருப்புக்கோட்டையில் ஒரு விதைக்கடையில் வேலை. எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் அதே பஸ். அதில் கடைசி சீட்டு எனக்கும் இருளப்பனுக்கும். இருளப்பன் எங்கள் ஊர்க் காலனிக்காரன், என் வயதுதான், மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தான். நான் ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளை. பெரிய வீடு என்றால் நிறையப் புஞ்சைக்காடும் கொஞ்சம் தண்ணீரும் அளவில்லாத வீறாப்பும்.

என்னிடம் கருப்புச் சட்டை இரண்டு இருந்தன. மாற்றி மாற்றிப் போடுவேன். சாமி இல்லை, சாதி இல்லை என்று நான் பஸ்ஸில் பேச ஆரம்பித்தால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பார். இருளப்பனோ நெற்றி நிறையத் திருநீறு பூசி வருவான். செவ்வாய்க்கிழமை பச்சைத்தண்ணி பல்லில் படாமல் விரதம். எங்கள் ஊர்க் காளியம்மன் மேல் அவ்வளவு பிரியம் அவனுக்கு. அவளை அவன் பார்த்ததெல்லாம் வெளி வாசலில் இருந்துதான்.

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரம் ஊரைச் சுற்றி வரும். காலனி முக்கில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதுவரைக்கும் வந்து திரும்பிவிடும். காலனி ஜனம் மரத்துக்கு அந்தப் பக்கம் தேங்காய் பழத்தட்டோடு நிற்கும். இதுதான் எங்கள் சண்டை.

"ஏலே, ஒங்க காளி நெசமாவே இருந்தா ஒங்க தெருவுக்கு ஏன் வரல?" என்பேன்.

"அவ வாரேன்னுதான் சொல்லுறா. தூக்கிட்டு வாரவுகதான் வரமாட்டேங்கிறாக."

"கல்லுலே அது. வந்தா என்ன, வராட்டி என்ன?"

"கல்லுன்னு நீயே சொல்லுறேல்ல? ஒரு கல்லு எங்க தெருவுக்குள்ள வந்துட்டுப் போனா ஒங்க ஆளுகளுக்கு என்னலே நட்டம்?"

உடனே நான் அரசியலுக்குத் தாவிவிடுவேன். பதில் இல்லாதவனுக்கு அரசியல்தானே புகலிடம்.

ஒன்று சொல்ல வேண்டும். டவுனில் அவன் என்னை 'ஏலே' என்பான். பஸ் கண்மாய் மடையைத் தாண்டியதும் 'ஏலே' போய்விடும். ஊர் மந்தையில் இறங்கும்போது, "வாரேங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பான். சாதி இல்லை என்று மூன்று மைல் முன்னால்வரை முழங்கிய நானும் "சரி சரி" என்று தலையை ஆட்டுவேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் காலனிப் பையன்கள் ஒரு மனு எழுதினார்கள். சப்பரம் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் தாலுகா ஆபீசில் கொடுப்போம் என்று. ஊர் இறுகிப்போனது. காட்டு வேலைக்குக் காலனி ஆட்களைக் கூப்பிடுவது நின்றது. டீக்கடையை அடைத்துவிட்டார்கள். கண்மாய்க்கரையில் கருவேலங்கம்பு வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரியும்.

ஊர்த்தலைவர் என் பெரியப்பா. அதிர்ந்து பேச மாட்டார். வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கூட்டத்தில் சொன்னார்: "தாலுகா ஆபீசு எதுக்கு? சப்பரம் யாருது, அம்மாளது. எங்க போறதுன்னு அவகிட்டயே கேட்ருவோம். பூக்கட்டிப் பாப்போம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கல்யாணம், கிணறு வெட்டு எதுவானாலும். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக இலையில் பொதிந்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அம்மன் மறைத்ததை மனுஷன் பார்க்கலாமா?

காலனிப் பையன்கள் முடியாது என்றார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தவன் இருளப்பன். மறுநாள் கடைசி சீட்டில் என்னிடம் சொன்னான்:

"மனுவக் கிழிச்சுப் போட்டேன்லே."

"கோட்டிக்காரா! ஏம்லே?"

"தாசில்தார் சொல்லி வந்தா அவ போலீசோட வருவா. அவளாச் சொல்லி வந்தா எங்க வீட்டுக்கு வந்த மாதிரி வருவா. பொதியிறது நீதான்னு ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லிட்டேன். அவுகளும் சரின்னுட்டாக."

"நானா? எனக்குத்தான் சாமியே இல்லையே."

"அதனாலதாம்லே நீ. ஒனக்கு ஒரு பக்கமும் சாயத் தேவையில்ல."

அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. கோயில் உள்ளே எங்கள் ஆட்கள், வெளி வாசலில் காலனி. ஒரு பிள்ளை அழுதால் கூட ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறது, அப்படி ஒரு அமைதி. பக்கத்துச் சாமான் அறையில் பெரியப்பா எனக்குத் தாம்பாளத்தை நீட்டினார். பூவரசம் இலை இரண்டு, நூல்கண்டு, அரளிப்பூ இரண்டு.

"ரெண்டும் செவப்பா இருக்கே, பெரியப்பா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. பொதி."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே வந்து தாம்பாளத்தை நாலு பேர் முன்னால் கவிழ்த்திருக்கலாம். கம்புக்கட்டு ஞாபகம் வந்தது. அதைவிட முதலில், பெரியப்பா முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது என்பதுதான் வந்தது. அதற்கும் மேலே ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சாமியே இல்லை, கல். இல்லாத சாமி முன்னால் பூ என்ன நிறத்தில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிய பகுத்தறிவு எனக்கு அந்த நேரத்துக்குத்தான் உதவியது. இலையை மடித்து, கடையில் விதைப் பொட்டலத்துக்குப் போடுகிற மாதிரி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு கொக்கி முடிச்சுப் போட்டேன். கை பழக்கத்தில் தானாகப் போட்டுவிட்டது.

பெரியப்பாவின் பேத்தி, ஐந்து வயது, ஒன்றை எடுத்தாள். பூசாரி எல்லோருக்கும் தெரியப் பிரித்தார். செவ்வரளி.

உள்ளே குலவை போட்டார்கள். வெளியே இருளப்பன் அப்படியே மண்ணில் முட்டி போட்டுவிட்டான். "என்ன கொறை வச்சோம் தாயி? சொல்லு தாயி!" என்று கத்தினான். பின்னால் நின்ற ஒரு பையன், "மனுவக் கிழிச்சேல்ல, இப்ப அழு" என்று அவன் முதுகில் மண்ணை அள்ளி வீசினான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இலை வாசனை விரலில் இருந்தது. சந்தனம் பூசிப் பார்த்தேன், போகவில்லை.

மறுநாள் அவன் பஸ்ஸுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தான். நான் ஏறியதும் கடைசி சீட்டில் இருந்து எழுந்து நின்றான்.

"வாங்க, உக்காருங்க."

கண்மாய் மடை தாண்டி, டவுனே வந்தும் 'வாங்க'தான். மனசு நொந்திருக்கிறான், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவில்லை. இரண்டு மாதத்தில் பாளையம்பட்டிக்குக் குடிபோய்விட்டான். கருப்புச் சட்டை இரண்டையும் நான் அதற்குப் பிறகு போடவில்லை. ஒன்று சைக்கிள் துடைக்க ஆனது.

போன வாரம் அந்த அரளியைப் பார்த்துக்கொண்டே வந்தேனா, அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தவன் பாளையம்பட்டியிலேயே இறங்கிவிட்டேன். இருளப்பன் அங்கே சொந்தமாகக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். உள்ளே வார்னிஷ் வாசனை. மூக்குக்கண்ணாடி, பாதி நரை, அதே திருநீறு.

"வாங்க வாங்க. உக்காருங்க. டீ சொல்லவா?"

"டீ வேணாம். ஒண்ணு சொல்லணும். இத்தனை வருசமாச் சொல்லல. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வச்சேன்."

செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"தெரியுமுங்க," என்றான்.

எப்படி என்பதையும் அவனே சொன்னான்.

"கோயில் குப்பைய யாரு அள்ளுவா? எங்க ஆத்தாதான. உள்ளாற விடமாட்டாக, வாசல்ல வாரிக் கொட்டுற பழைய மாலைய எல்லாம் அதுதான் அள்ளிக் குப்பைக் கெடங்குல போடும். மறுநா காலையில அந்தப் பொட்டலம் மாலையோட கெடந்திருக்கு. அம்மன் காலடியில இருந்ததாச்சேன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு வீட்டுக்குக் கொண்டாந்துச்சு. பாத்தேன். ஒங்க கடை முடிச்சு. பிரிச்சேன்."

பெரியப்பா எல்லாவற்றையும் யோசித்தார். குப்பை யார் கைக்குப் போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை யோசித்ததே கிடையாது.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா? ஒங்க பக்கம் கம்பு இருந்துச்சு. எங்க பயலுக கையிலயும் இருந்துச்சு. எத்தனை தலை உருண்டிருக்கும்?" கம்பியை நறுக்கினான். "ஒண்ணு சொல்லுறேன் கேளுங்க. அம்மாளே எங்கள வேண்டான்னுட்டாளேன்னு நான் ஒரு நா முழுக்கச் சோறு திங்கல. அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுச் செவப்பப் பாத்தப்புறந்தான் எந்திரிச்சுச் சாப்பிட்டேன். அவ வேண்டாங்கலையே. அவகிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

"அப்ப எம்மேல கோவமே இல்லையா?"

இருளப்பன் எதிர்க்கடைப் பக்கம் பார்த்து இரண்டு டீ என்று விரலைக் காட்டினான்.

"என்னைத் திட்டுலே, இருளப்பா. ஒரு வார்த்தையாவது திட்டு."

"அதெல்லாம் என்னத்துக்குங்க," என்றான்.

டீ குடித்தோம். காலனியில் இப்போது அவர்களுக்கென்று ஒரு காளி இருக்கிறாளாம், டைல்ஸ் ஒட்டிய கோயில். எங்கள் சப்பரம் தூக்க ஆளில்லாமல் தகரக் கொட்டகையில் கரையான் பிடித்துக் கிடக்கிறது. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாமான் அறைக்குப் பக்கத்தில் நின்ற பூவரசையும் வெட்டிவிட்டார்கள். டவுன் பஸ் கடைசி சீட்டில் இப்போதும் பையன்கள் உட்காருகிறார்கள், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு. சாமி உண்டா இல்லையா என்று சண்டை போட அங்கே யாருமில்லை.

"வாரேன்" என்று எழுந்தேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான். பஸ் நிற்காமல் நகரப் பார்த்தது. இருளப்பன் ரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினான்:

"அண்ணே, நிறுத்துங்க! அவுக ஏறணும்!"

பஸ் நின்றது. வேறு யாரும் அங்கே இல்லை. நான்தான் ஏறினேன்.