அல்தெமாரும் பத்து வார்த்தைகளும்

என் வீட்டுக்காரர் அல்தெமார் மாதிரி ஒரு எமகாதகரை எங்கள் யாருமால் ஊர் மலைப்பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். வளைவுக்கு வளைவு வாய் ஓயாது.

அவர் குடும்பத்து ரத்தத்தில் ஒரு சாபக்கேடு உண்டு, மறதி நோயைக் கொண்டுவரும் ஒரு மரபணு. பெற்றவளுக்கு அந்த மரபணு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்துவிட்டால் நாற்பத்தைந்தைச் சுற்றி மறதி தொடங்கும். என் மாமியார் நாற்பத்தேழு வயதில் என்னைப் பார்த்து, நீ யாரும்மா என்று கேட்டார். அல்தெமாருக்குப் போன மாதம் நாற்பத்தாறு முடிந்தது.

மெதெயின் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருஷா வருஷம் வந்து ரத்தம் எடுப்பார்கள், பத்து வார்த்தை படித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லி ஞாபகப் பரிசோதனை வைப்பார்கள். மரபணு யாருக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இந்தக் குடும்பம் சும்மா இருக்குமா? முதலில் போய் வந்தவர் கேட்ட பத்து வார்த்தைகளையும் மற்றவர்களுக்குக் கடத்திவிடுவார். மாடு கறக்கும்போது வாளி, பாதிரியார், வெங்காயம் என்று எல்லோரும் உருப்போடுவார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரிசோதனையில் தோற்றால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று அல்தெமாருக்குப் பயம். அந்த பஸ்ஸில்தான் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று எனக்குப் பயம்.

இந்த வருஷம் நர்ஸ் யாமிலே உஷாராகிவிட்டாள். இவர் முறைக்கு நானும் கூடப் போயிருந்தேன்; இது புதுப் பட்டியல் என்று சொல்லி மூன்று தடவை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பத்து நிமிஷம் வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, இப்போது சொல்லுங்கள் என்றாள். இவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். பத்தும் பழைய வார்த்தைகள். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"புதுசுல ஒண்ணாவது சொல்லுங்கண்ணே."

"புதுசா? எப்பம்மா குடுத்தே?"

வழக்கமான நக்கல் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், நக்கல் இல்லை.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவள் பேனா ஓடுவதையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. வந்ததும் நேரே பஸ் முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"நாளையிலேர்ந்து நான் கண்டக்டர். முழங்கால் வலி, பிரேக்கை மிதிக்க முடியலன்னு சொல்லியிருக்கேன்."

"எந்த முழங்கால்னு கேப்பாங்களே?"

"அதை நீ ஞாபகம் வெச்சுக்கடி."

இடது என்றேன்.