தொட்டியின் நிழலை அளந்த கதை

எண்பதுகளின் பிற்பாதியில் எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில். கணக்கு டீச்சர். காலை ஆறரைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று கண்ட இடத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரும். அங்கே இறங்கி டவுன் பஸ். அது வந்தால் வந்தது. வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை. மூன்று மாத விடுப்பு முடிந்த மறுநாளே அதை மாமியாரிடம் புட்டியோடு கொடுத்துவிட்டு வந்தவள் நான். பதினோரு மணி வாக்கில் மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிடும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அல்ஜீப்ரா நடத்துவேன். பையன்களுக்கு அது குளிர் என்று நினைப்பு.

விழுப்புரத்துக்கு மாற்றல் வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் கடலூர். மூன்று மனு போட்டேன், மூன்றும் கடலூரில் சுகமாகத் தூங்கின. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்தான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் தலைவர். கடலூரில் அவருக்கு ஆள் உண்டு. "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும் டீச்சரம்மா, நானே நேர்ல போய்ச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். நான் அவரைக் கண்டால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில்தான் கணக்கு ஆசிரியர்களுக்குத் திண்டிவனத்தில் ஐந்து நாள் பயிற்சி. தலைப்பு, கணிதத்தை இனிமையாகக் கற்பித்தல். வந்த நிபுணர் காலை பத்து மணியிலிருந்து கட்டுக் காகிதத்தைப் பார்த்து இனிமையைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரில் பாதிப் பேர் தூக்கம். நான் மீதிப் பாதியில் இல்லை. நாலு மணி போண்டாவுக்கு மட்டும் வகுப்பு முழுதாக விழித்தது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் தூக்கத்தோடு தூக்கமாக உள்ளே போய்விட்டது. சுற்றுப்புறமே ஆய்வகம், சுற்றியிருப்பதை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். கடைசி நாள் இன்னொன்றும் சொன்னார்கள். இந்த வருஷம் அதிகாரி ஆய்வுக்கு வரும்போது துணைக்கருவி வைத்து நடத்தியிருக்கிறோமா என்று பார்ப்பாராம்.

பள்ளியில் துணைக்கருவி இல்லாமல் இல்லை. அரசாங்கம் அனுப்பிய கணக்குப் பெட்டி ஒன்று தலைமை ஆசிரியர் அறையில் இருந்தது. மரத்தில் செய்த கூம்பு, உருளை, கனசதுரம் எல்லாம் உள்ளே இருப்பதாக ஐதீகம். வந்த நாளிலிருந்து பூட்டுத் திறந்ததில்லை. மேலே தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள்.

"சார், அந்தப் பெட்டியக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"ஏம்மா, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பதினெட்டு அயிட்டம் இருக்குது. நீ பசங்க கையில குடுப்ப. ஒண்ணு ஒடைஞ்சா நான் ரிட்டயர் ஆவறப்ப யாரு பதில் சொல்றது?"

"ஒடையாது சார், மரம்."

"தொலையும் இல்ல?"

சரி, சுற்றுப்புறமே ஆய்வகம். எங்கள் சுற்றுப்புறத்தில் அதிகம் இருந்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சராசரி பாடத்துக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்குப் பத்துக் காய் கொடுத்து, ஒரு காயில் எத்தனை பருப்பு என்று எண்ணிக் கூட்டிச் சராசரி கண்டுபிடிக்கச் சொன்னேன். கரும்பலகையில் கட்டம் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், வகுப்பே மென்றுகொண்டிருந்தது. புள்ளிவிவரத்தை மொத்தமாகத் தின்றுவிட்டார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "தோலுல குழி குழியா இருக்குது டீச்சர். அத எண்ணினா பருப்பு எத்தினின்னு தெரிஞ்சிடுமே" என்றாள்.

அந்த வகுப்பில் எனக்கு முதலில் நன்றாகத் தெரிந்த முகம் அவளுடையது. ஊருக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருவாள். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. காலையில் குழாயடியில் நின்றுவிட்டு வருவதால் பாதி நாள் பிரேயருக்குப் பிறகுதான் வந்து சேருவாள். அதற்கு அடி வாங்குவாள். நானும் ஒரு தரம் அடித்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், உருளையின் கன அளவு. பள்ளி மைதானத்தை ஒட்டி, தூண்கள் மேல் புதுத் தண்ணீர்த் தொட்டி நின்றது. தலைவர் காலத்தில் கட்டியது, கட்டியவர் அவர் மைத்துனர். அதன் வயிற்றில் நீலப் பெயிண்டில் 'கொள்ளளவு 60,000 லிட்டர்' என்று எழுதியிருந்தது. காலை இரண்டாவது பீரியடில் அதன் நிழல் மைதானத்தில் வந்து விழும். இதைவிடப் பெரிய துணைக்கருவி எந்தப் பெட்டியில் வரும்? பி.டி. வாத்தியாரிடம் நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த டேப்பை வாங்கிக்கொண்டு வகுப்பையே வெளியே கூட்டிப் போனேன்.

ஒரு மீட்டர் குச்சியை நட்டு வைத்தோம். குச்சியின் நிழலும் ஒரு மீட்டர் ஆகும் நேரத்தில், எதன் நிழலை அளந்தாலும் அதுதான் அதன் உயரம். இதை நான் சொன்னபோது பிள்ளைகள் என்னை நம்பாமல் பார்த்தார்கள். பிறகு ஒருவனை நிற்க வைத்து அளந்து பார்த்ததும் எல்லோரும் தங்கள் நிழலை அளக்க ஆரம்பித்து, பத்து நிமிஷம் மைதானம் சந்தையாகிவிட்டது. குச்சி நிழல் சரியாக ஒரு மீட்டருக்கு வந்ததும் பையன்கள் தொட்டியின் நிழல் மேல் பாய்ந்தார்கள். குறுக்கே நாலு மீட்டர். அதுதான் விட்டம். தூண்களின் நிழலை விட்டுவிட்டு நெடுக்கே ஏழு மீட்டர். அதுதான் உயரம்.

ஆரம் இரண்டு, உயரம் ஏழு. மண்ணிலேயே குச்சியால் எழுதினார்கள். இருபத்திரண்டின் கீழ் ஏழு, பெருக்கல் நாலு, பெருக்கல் ஏழு. மேல் ஏழும் கீழ் ஏழும் அடிபட்டன. எண்பத்தெட்டுக் கன மீட்டர். எண்பத்தெட்டாயிரம் லிட்டர்!

"அடிபடுது டீச்சர்! அடிபடுது!" என்று ஒரே கூச்சல். எங்கள் பாடப்புத்தகத்தில் ஏழோ பதினாலோ இருபத்தொன்றோ வராத உருளையே கிடையாது. அடிபட்டால் விடை சரி, அடிபடாவிட்டால் எங்கேயோ தப்பு. பிள்ளைகளுக்கு அதுதான் சட்டம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சட்டம்.

மத்தியானத்துக்குள் செய்தி பி.டி. வாத்தியார் மூலமாகத் தலைமை ஆசிரியரிடம் போய், அவர் மூலமாகத் தலைவர் வீட்டுக்கே போய்விட்டது. சாயங்காலம் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "தொட்டி மேல அறுபதுன்னுதான் போட்டேன், பார்த்தீங்களா? எண்பத்தெட்டு கட்டிக்கினு அறுபதுன்னு எழுதுற ஆளு நானு!" அதிகாரி வரும்போது இதைப் பெரிய சார்ட்டாக எழுதி மாட்ட வேண்டும் என்றார். மறுபடியும் கடலூர் பேச்சை அவரே எடுத்தார். வெள்ளிக்கிழமை போகிறாராம். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"டீச்சர், நேத்து போட்டது தப்பு. நெடுக்கால அளந்ததுல அகலமும் சேர்ந்துகினு இருக்குது."

வெயிலில் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். டப்பாவுக்குக் கீழ்வட்டம் ஒன்று, மேல்வட்டம் ஒன்று. இரண்டு வட்டத்தின் நிழலும் தரையில் படுத்திருந்தன. நீளம் முழுவதையும் அளந்தால் உயரத்தோடு ஒரு வட்டத்தின் அகலமும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதைக் கழிக்க வேண்டும். ஏழில் நாலு போனால் மூன்று. தொட்டியின் உயரம் மூன்று மீட்டர்தான்.

பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். இரண்டும் படித்தவள் நான். எனக்கு இது தோன்றவில்லை. முதலில் வெட்கம், அதற்குப் பின்னால் அடக்க முடியாத சந்தோஷம். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கத்தான் வாத்தியார்கள் வருஷக்கணக்கில் தொண்டை வறளக் கத்துகிறார்கள். அவள் தாளை நீட்டினாள். இருநூற்று அறுபத்து நாலின் கீழ் ஏழு. அடிபடவே இல்லை. முப்பத்தேழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் லிட்டர்.

"சுவரையும் சேர்த்து வெளியிலதான் அளந்தோம். உள்ள இன்னும் கொறையும் டீச்சர்" என்றாள். பிறகு, "அதான் தண்ணி எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள நின்னுப் போவுது. நாங்கதான் ஜாஸ்தி புடிக்கறோம்னு திட்டிக்கினு இருக்காங்க" என்றாள்.

என் சந்தோஷம் அத்தோடு சரி. தாளை மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டப்பாவை வைத்து நானே நாலு தரம் பார்த்தேன். தப்பாக இருக்காதா என்ற ஆசையில்தான். தொட்டி மூன்று மீட்டரிலேயே நின்றது.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்மா, உனக்கு டிரான்ஸ்பர் வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப எண்பத்தெட்டு. எதுக்கு பேஜாரு? நீ சொல்லிக் குடுக்க வந்தது ஃபார்முலா. ஃபார்முலா கரெக்ட்டா, இல்லையா?"

ஃபார்முலா கரெக்ட். அதில் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

வகுப்பில் அவள் விடையை நான் கரும்பலகையில் போடவே இல்லை. அவளே எழுந்து சொன்னாள். பையன்கள் சிரித்தார்கள். "அடிபடவே இல்ல, இது இன்னா விட?" என்றான் ஒருவன். நான் அவனை அடக்கியிருக்கலாம். "நேரம் இல்ல, அடுத்த பாடம் எடுங்க" என்றேன். அதோடு விட்டேனா? சார்ட்டை எழுத வகுப்பிலேயே நல்ல கையெழுத்து யாருக்கு என்று பார்த்து, அவளிடமே கொடுத்தேன். எழுதியவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று ஒரு குயுக்தி. அவள் வாங்கிக்கொண்டு போய், உயரம் ஏழு மீட்டர் என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் முத்து முத்தாக எழுதி, கீழே தொட்டியும் வரைந்து கொண்டுவந்தாள்.

அதிகாரி வந்தார். சார்ட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். சுற்றுப்புறமே ஆய்வகம் என்பது இதுதான் என்று சொல்லி என்னைப் பாராட்டினார். மற்றப் பள்ளிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றார். தலைவர் சால்வை போர்த்தினார், எனக்கும் ஒன்று, அதிகாரிக்கும் ஒன்று. உயரம் ஏழுதானா என்று அளந்து பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஏழும் ஏழும் அத்தனை அழகாக அடிபட்டிருந்தன.

மார்ச் தொடக்கத்தில் உத்தரவு வந்துவிட்டது. பள்ளி வருஷம் முடியுமுன்னே மாற்றல் கிடைப்பதெல்லாம் கேள்விப்படாத விஷயம், தலைவர் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர். வீட்டிலிருந்து புதுப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். மத்தியானம் ஓடி வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அழுகையே வந்துவிட்டது எனக்கு. இப்போது இதை எழுதும்போதும், அந்தக் காகிதத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் நோட்டும் கையுமாக வந்தாள். டீச்சர் போகிறாளே என்று அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் எத்தனை நினைப்பு!

"டீச்சர், பெரிய பரிட்சையில அந்த நிழல் கணக்கு வந்தா கழிக்கணுமா, வேணாமா?"

"கழிக்கணும்."

"அடிபடலன்னாலுமா?"

"அடிபடலன்னாலும்."

நோட்டில் குறித்துக்கொண்டாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவள் தலை நிமிராமல் இன்னொன்றும் கேட்டாள்.

"அப்ப நம்ம ஊரு தொட்டிக்கு மட்டும்தான் கழிக்கக் கூடாதா டீச்சர்?"

அவள் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. எழுதுவதற்காகப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.