சந்தியில் நடந்த பார்ட்டி

ஆண்டவர் செய்ததை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். கோயிலில் முன்னால் போய் நின்று சொல் என்றால் எனக்குக் கால் நடுங்கும், அதனால் எழுதித் தருகிறேன். ஒரு வீடு நிறையப் பெண்களுக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் கதைத்தவள்தானே என்று என் மகள் சிரிக்கிறாள். அது வேறு. அங்கே என் கையில் ஒரு பெட்டி இருக்கும்.

என் பேர் ரெஜினா, கொழும்பு கொட்டாஞ்சேனை. யுத்த காலம் அது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் கணவர் ஒருநாள் காலை சவரம் செய்துகொண்டு நின்றவர், அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. படுக்கையில் தானாகப் புரளக்கூட ஏலாது. ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகும், நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மணிக்கூடு அதற்காகத்தான் ஓடியது. மகள் சின்னவள், அவளால் தனியே அவரைத் திருப்ப முடியாது. நான் இல்லாத நேரம் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் வந்து உதவுவார். ஆனால் ஆறு மணிக்கு அவர் துறைமுகத்துக்கு இரவு வேலைக்குப் போக வேண்டும். ஆறு மணிக்குள் நான் வீட்டில் நிற்க வேண்டும். அதுதான் என் வாழ்க்கையின் சட்டம்.

நான் செய்தது வீடுகளில் பார்ட்டி வைத்து பிளாஸ்டிக் பெட்டி விற்கிற வேலை. ஒரு பெண் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுப்பாள். நான் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டிகளை அடுக்குவேன். ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, நடுவில் அழுத்தி, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியே விடுவேன். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு அதைக் கவிழ்த்து யாராவது ஒருத்தியின் மடியில் வைப்பேன். அவள் பதறுவாள், ஒரு சொட்டும் சிந்தாது, எல்லோரும் சிரிப்பார்கள். ஓர்டர் எழுதி முடித்ததும் கடைசியாகக் கேட்பேன்: "அடுத்த பார்ட்டி யாரு வீட்ல?" ஒரு கை உயரும். அதுதான் புக்கிங். கை உயராவிட்டால் அன்றோடு வேலை நின்றுவிடும்.

முதலில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும்தான் போனேன். கொஞ்ச நாளில் எந்தக் குசினிக்குப் போனாலும் என் பெட்டியே என்னைப் பார்த்தது. நான் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று கேட்டேன்: ஆண்டவரே, கிட்ட ஒரு புக்கிங் தாரும். கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு, கிருலப்பனை, எது என்றாலும் எனக்குச் சரி. இடத்தைக்கூட அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், பாருங்கள். அவர் வத்தளையைத் தந்தார். வத்தளையில் கை தூக்கியவள் கடவத்தைக்காரி. கடவத்தையில் கை தூக்கியவள் கம்பஹாவுக்கும் அங்கால், முழுச் சிங்கள ஊர். எனக்கு வந்த கோபம். உமக்கென்ன, நீரா பஸ்ஸில் பை தூக்குகிறீர் என்று ஜெபத்திலேயே சண்டை பிடித்தேன்.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வெள்ளவத்தைப் புவனா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரி. அவவுக்கும் இது பிடிக்கவில்லை.

"ரெஜி, உவ்வளவு தூரம் போறது எனக்குச் சரியாப் படேல்லை. உம்மைப் பிடிச்சுக்கொண்டு போனா அங்க ஆர் வந்து கேக்கிறது?"

"என்ன செய்ய அக்கா? கை தூக்கினவங்க வீட்டுக்குத்தானே போகணும்."

"போக வேண்டாமெண்டு சொல்லேல்லை. பின்னேரம் வந்து சேந்த உடன எனக்கொரு கோல் எடும்."

அந்தக் காலத்தில் வெளியே போன தமிழாள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதே ஒரு செய்திதான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது நெஞ்சு அடிக்கிற அடி, இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் இரண்டு வசனம் பேசினால் தமிழ் வாசம் அடித்துவிடும்.

வருஷமும் தேதியும் என் மகளைக் கேட்டால் சொல்லுவாள். எனக்கு ஞாபகம் இருப்பது, அன்று அந்தச் சந்தியில் வெசாக் பண்டிகைக்கு வெளிச்சக் கூடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். ஊரின் பேரைச் சொல்லவில்லை. பார்ட்டி வைத்தவள் சந்திரா, கைக்குழந்தைக்காரி. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நான் பஸ்ஸால் இறங்கும்போது மூன்று மணிக்குக் கொஞ்சம் இருந்தது.

என்னிடம் எப்போதும் இரண்டு பை. இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் முதுகு விட்டுப்போகும். அதனால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மற்றதை எடுப்பேன். எங்கும் அப்படித்தான் செய்வேன். கொழும்பில் பிறந்து வளர்ந்து, பஸ்ஸுக்குப் பஸ் 'ஆளில்லாத பைகளைக் கண்டால் அறிவியுங்கள்' என்று வாசித்து வாசித்துப் பழகிய நான், அன்று கறுப்பு ரெக்சீன் பையை பஸ் நிற்கிற இடத்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு சந்திராவின் வீட்டு வாசல் படலைவரைக்கும் போனேன். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சந்தியில் ஒரு மனிதரும் இல்லை. கடைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். பாதி கட்டிய வெசாக் கூடு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் மதிலோடு ஒட்டி இராணுவத்துப் பையன்கள் துவக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். துவக்குகள் எல்லாம் என் பையைப் பார்த்திருந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பேசாமல் திரும்பி நடந்து மற்றப் பாதையால் போய் பஸ் பிடி, அது யாருடைய பை என்று யாருக்குத் தெரியும் என்று மனம் சொன்னது. ஆனால் படுத்திருந்த பையன்களில் ஒருவனின் துவக்கு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு சூடு சுட்டுவிட்டால் ஊரே பற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். என் கால் முன்னுக்குப் போனது, கையைத் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன்: "ஏக்க மகே." அது என்னுடையது.

அதிகாரி என்னை எட்ட நிற்கச் சொல்லி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. இனி அங்கே பேசியதெல்லாம் சிங்களம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"கொட்டாஞ்சேனையிலிருந்து இங்க எதுக்கு வந்தாய்?"

"பெட்டி விக்க, சேர். சந்திரா வீட்ல பார்ட்டி."

சந்திரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். அதிகாரி அவளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "இவளைத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள், துவக்குகளைப் பார்த்தாள், குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"தெரியாது, சேர்."

அவளில் எனக்குக் கோபமில்லை. என் மகள் என் இடுப்பில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நானே போய்ப் பையைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு. வெறுமையான தெருவின் நடுவே தனியே நடந்து போனேன். பையைத் திறந்ததும் மேலே இருந்தது என் வெள்ளைத் துணி. பழக்க தோஷம், என்ன செய்ய, அதை நிலத்தில் விரித்துப் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கினேன். ஒவ்வொன்றாய்த் திற என்று தூரத்திலிருந்து கத்தினார்கள். மூடியைத் திறக்கத் திறக்கப் பெட்டி 'புஸ்' என்றது. ஒவ்வொரு 'புஸ்'ஸுக்கும் பையன்கள் தலையைக் குனிந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு மூச்சு வரவில்லை. கடைசிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு முந்திப் பொரித்த பப்படம் இருந்தது, இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறது என்று காட்டக் கொண்டுபோவது.

எல்லாம் திறந்தாயிற்று, ஒன்றுமில்லை என்று தெரிந்தாயிற்று. ஆனாலும் அதிகாரி சொன்னார்: "வாகனம் வரும். முகாமுக்குப் போய் விசாரிச்சிட்டு அனுப்புவோம்."

விசாரித்துவிட்டு அனுப்புவோம். அப்படிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், மாதக்கணக்கில் வராதவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். துணிக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடியே கேட்டேன். நீண்ட ஜெபம் எல்லாம் வரவில்லை. ஆண்டவரே, வீட்டில் ஆறு மணிக்கு இவரைத் திருப்ப ஆளில்லை. அவ்வளவுதான் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது தெருவின் நடுவால் ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தா. வெள்ளைச் சேலை, நரை தொடங்கின தலை, காலில் வீட்டுச் செருப்பு. போ, போ என்று பையன்கள் கத்தினார்கள். அவ காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேரே வந்து என் துணிக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தா. ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"மேக்க கீயத?" என்றா. இது எவ்வளவு?

எத்தனையோ பார்ட்டியில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒரு மனுஷி என்னிடம் பெட்டியின் விலை கேட்கிறா. நான் அவவின் முகத்தையே பார்த்தேன். அவ இன்னொரு தரம் பொறுமையாகக் கேட்டா. விலையைச் சொன்னேன்.

"மூடினா, வெளிய இருக்கிறது உள்ள போகாதாமே?"

"போகாது, அம்மா."

"உள்ள இருக்கிற வாசம் வெளிய போகுமா?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "போகாது" என்றேன்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். அவவைக் கண்டதும் அவருடைய குரல் இறங்கியது. "சோமா அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நான் சாமான் பார்க்கிறேன்" என்றா அவ. "இந்தப் பிள்ளை சந்திரா வீட்டுக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் போக இருந்தாங்க. நான்தான் போக இருக்கல்ல."

பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன், இன்றும் நம்ப முடியாமல் இருக்கிறது. வேலி ஓரங்களிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு இரண்டு பேர், பிறகு நிறையப் பேர். வந்து துணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசியாகச் சந்திரா அழுதுகொண்டு வந்தாள். "சேர், நான்தான் வரச் சொன்னேன். பயத்தில பொய் சொல்லிட்டேன்" என்றாள். அதிகாரி என் அடையாள அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். அதற்குள், துவக்கு நடுங்கிய அந்தப் பையன் எழுந்து வந்து ஒரு பப்படத்தை எடுத்துக் கடித்தான். அது நொறுங்கிய சத்தம் சந்தி முழுக்கக் கேட்டது. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். "கெதியா முடிச்சிட்டுப் போ. இனிமேல் பையை வெச்சிட்டு நடக்காதே."

சந்திராவின் வீட்டில் நடக்க வேண்டிய பார்ட்டியை ஆண்டவர் சந்திக்கே கொண்டுவந்து நடத்தினார்.

பைகளைத் தூக்க உதவிக்கொண்டு சந்திரா சொன்னாள். சோமா அம்மாவின் ஒரே மகன் வடக்கில் சண்டையில் செத்தவன். அன்றிலிருந்து அவ படலையைத் தாண்டியதில்லை, யாரோடும் கதைப்பதில்லை. அதனால் அவவைப் பார்ட்டிக்கு வற்புறுத்திக்கூடக் கூப்பிடவில்லையாம். ஊரே குண்டு என்று ஓடியபோது, அவ மட்டும் ஏன் வெளியே வந்தா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சாம்பிள் பெட்டியைக் கையோடு கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் கண்டிப்பு. நான் கொடுத்தேன். சோமா அம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அலுமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துவந்தா. கடைசி லீவில் வந்து போனபோது மகன் கழற்றிப்போட்ட சட்டை. தோய்க்கவில்லை. "இப்ப குறைஞ்சுகொண்டு வருது" என்றா. எது என்று நான் கேட்கவில்லை. சட்டையைப் பெட்டிக்குள் வைத்தோம். மூடியைப் போட்டதும் என் பெருவிரல் பழக்கத்தில் நடுவை அழுத்தப் போனது. காற்றை வெளியே தள்ள. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அந்தக் காற்றில்தானே அந்தப் பிள்ளை இருக்கிறான். நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் மெல்ல மெல்ல விரலால் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. சோமா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். என் இனத்தை அவ கேட்கவில்லை.

பஸ் உடனே வந்தது. எந்தச் சாவடியிலும் இறக்கவில்லை. நான் படியேறும்போது மரியதாஸ் அண்ணன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "போகலாமா வேணாமான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன், தங்கச்சி" என்றார். உள்ளே போய் இவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, நல்ல கையால் என் தலையைத் தொட்டார். புவனா அக்காவுக்குக் கோல் எடுத்து "வந்துட்டேன்" என்றேன்.

அந்த ஊருக்குப் பிறகும் பல தடவை போனேன். போகும்போதெல்லாம் சோமா அம்மாவைப் பார்ப்பேன். இவர் என்னை விட்டுப் போன பிறகு ஒருநாள் போனபோது அவ அந்தப் பெட்டியை எடுத்து, மூடியை ஒரு நூலளவு தூக்கி, முகத்துக்குக் கிட்டே பிடித்துவிட்டு உடனே மூடினா. "இன்னும் இருக்கு" என்றா. பிறகு என் கையில் ஒரு புதுப் பெட்டியைத் தந்தா, என்னிடமே வாங்கி வைத்தது. அது இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது, இவருடைய சட்டையோடு.

அன்பானவர்களே, அன்றைக்குப் பிறகு நான் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நீங்களும் அவரிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை பிடித்தும் கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். கிட்டத் தா என்று மட்டும் கேட்காதீர்கள். தூரத்தில் ஒரு கை உயர்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்களுக்காக ஒருத்தி அங்கே படலையைத் திறந்துகொண்டு வருவா.